நிலைப்படிக்கு வெளியே இரண்டு ஆமைகள்

மார்கழி பிறந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் வைத்துக்கொள்கிறேன். மருந்துக்கடைப் பஞ்சுச் சுருளைப் பிரித்து ஒரு கிள்ளு எடுத்து உருட்டும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆமையின் மூக்குதான் ஞாபகம் வருகிறது. ஒருமுறை இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். நீங்கள் அப்படிப் போக மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ராஜபாளையத்தில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா நூல் மில்லில் ஃபிட்டர். ஓய்வு நாளில் மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்குப் போய் பம்புசெட் பழுது பார்ப்பார். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனவர், சாயங்காலம் சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒயர் கூடையை மாட்டிக்கொண்டு வந்தார். பச்சையும் வெள்ளையுமாக அம்மா பின்னிய கூடை. வழக்கமாக அதில் ஸ்பேனர்கள்தான் இருக்கும். அன்று ஸ்பேனர்கள் கேரியரில் துணி மூட்டையாக இருந்தன. கூடைக்குள் இரண்டு ஆமைகள் இருந்தன.

தண்ணீர் ஆமை இல்லை, தரையில் திரிவது. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள், ஒவ்வொரு மேட்டிலிருந்தும் நாலாபக்கமும் பிரிந்து போகும். இப்போது நட்சத்திர ஆமை என்கிறார்கள். தோப்பில் வேலியோரத்து முள்ளைக் குவித்துத் தீ வைக்கப் போனபோது அடியில் இவை இரண்டும் கிடந்தனவாம். அப்பா கையை விட்டு எடுத்திருக்கிறார். முழங்கை வரை முள் கீறியிருந்தது. ஒன்று அப்பாவின் உள்ளங்கையை விடப் பெரியது, மற்றது தேங்காய்ச் சிரட்டை அளவு. பெரிசு, சிறுசு என்பதற்கு மேல் அவற்றுக்குப் பேர் வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். ஆமை நுழைந்த வீட்டைப் பற்றி நம் பக்கம் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதிலும் அம்மா அப்போது உண்டாகி நாலு மாதம். எனக்குப் பிறகு பத்து வருடம் கழித்துத் தங்கியது. கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டு வந்த பிள்ளை. அவள் பயந்ததில் என்ன தப்பு? ஆனால் கூடைக்குள் எட்டிப் பார்த்தவள், "யாரோ கோலம் போட்டு விட்டாப்ல இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அப்பா பாதி ஜெயித்துவிட்டார். மீதிப் பாதிக்கு ஒரு சட்டம் போடப்பட்டது. ஆமைகள் புறவாசலில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கலாம். முன்வாசல், பின்வாசல் எந்த நிலைப்படியையும் தாண்டக் கூடாது.

வீட்டைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாக அவற்றை நான்தான் தூக்கிப் போனேன். பெரிசு என் பாவாடையில் ஒன்றுக்கு இருந்துவிட்டது.

ஐப்பசி, கார்த்திகை எல்லாம் நன்றாகத்தான் போனது. செம்பருத்திப் பூ என்றால் பெரிசுக்கு உயிர். அவ்வளவு மெதுவான பிராணி ஒரு சிவப்புப் பூவைக் கண்டதும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்க்க வேண்டும். சிறுசு கீரைத் தண்டு தின்னும். அது கடிக்கிற சத்தம், பக்கத்தில் படுத்துக் காதை வைத்தால் கேட்கும், ஈரத் துணியைக் கிழிக்கிறாப்போல. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே சந்துக்குள் ஓடுவேன். அந்த வயதில் எனக்கென்று தம்பியோ தங்கையோ இல்லை. வரப்போகிற ஒன்றுக்காக வீடே காத்துக்கொண்டிருந்தது. அதுவரை எனக்கு இவை போதுமாக இருந்தன.

மார்கழியில் மலையிலிருந்து குளிர் இறங்கியது. ராஜபாளையத்துக் குளிரை ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் விடியற்காலையில் துவைக்கிற கல் தண்ணீர் தெளித்தாற்போல நனைந்திருக்கும். ஆமைகள் வெயில் ஏறும்வரை தலையை வெளியே நீட்டவில்லை. செம்பருத்தியை மூக்குக்கு நேரே வைத்தாலும் பெரிசு பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

அப்பா ஒரு யோசனை செய்தார். அவருடைய சிநேகிதர் ஒருவர் பேண்டேஜ் துணியும் ஆஸ்பத்திரிப் பஞ்சும் செய்கிற சின்ன ஃபேக்டரி வைத்திருந்தார். அவரிடம் கேட்டு ஒரு சாக்கு நிறையப் பஞ்சு கொண்டுவந்தார். அப்படியொரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. மண்ணெண்ணெய் டின் வருகிற பலகைப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, உள்ளே பஞ்சைத் திணித்து, நடுவில் ஆமைகளை வைத்தோம். மூக்கு மட்டும் தெரிந்தது. "நம்ம ஊர்ல பொறந்ததுக்கு அதுகளுக்குப் பஞ்சு மெத்தை" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பாதிப் பேர் மில்லில் வேலை செய்கிறவர்கள், மீதிப் பேர் பஞ்சு ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள். ஒருவர் பாக்கியில்லாமல் நல்ல யோசனை என்றார்கள்.

ஒரு வாரத்தில் சிறுசின் மூக்கில் குமிழி வந்தது. சோப்புத் தண்ணீர்க் குமிழி மாதிரி ஊதி, உடைந்து, மறுபடி ஊதும். கண்ணைத் திறக்கவே இல்லை. தின்பதை நிறுத்திவிட்டது. மூச்சு விடும்போது கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அப்பா இன்னும் கொஞ்சம் பஞ்சு திணித்தார்.

அதற்கும் கேட்காமல், சிறுசைப் பஞ்சோடு ஒயர் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முன்னால் ஒரு கோம்பை நாயும் இரண்டு ஆடுகளும் காத்திருந்தன. எங்கள் முறை வந்ததும் டாக்டர் கூடைக்குள் பார்த்தார். தனக்கு ஆமை வைத்தியம் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு, ஆமையை விட்டுவிட்டுப் பஞ்சை எடுத்துப் பிழிந்தார். மேசை மேல் தண்ணீர் சொட்டியது.

நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் காது சிவந்துவிட்டது. புண்ணில் வடிகிறதை எல்லாம் உறிஞ்சத்தானே அந்தப் பஞ்சைச் செய்கிறார்கள்? இராத்திரி முழுக்கப் பனியை உறிஞ்சி ஆமைகள் மேல் போர்த்தியிருந்திருக்கிறது. பஞ்சிலேயே பிழைக்கிற ஊரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஈரம் படாமல், சூடு இருக்கிற இடத்தில் வையுங்கள், பிழைத்தால் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபின் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்பா பஞ்சை எல்லாம் வாரி எறிந்துவிட்டு வைக்கோல் போட்டார். சமையலறை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, பெட்டிக்குள் அறுபது வாட்ஸ் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். ஒயர் நிலைப்படியைத் தாண்டினால் பரவாயில்லையா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ஒயருக்கு வழிவிட்டு ஜன்னலோரப் பாத்திரங்களை நகர்த்தி வைத்தாள். தெருப்பிள்ளைகள் ஆமைக்கு லைட் போட்டிருப்பதைப் பார்க்க வந்தார்கள். குமிழி வருவது குறைந்தது போல எனக்குப் பட்டது. ஆனால் அந்த நாட்களில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? நாலு நாள் கழித்து ஒரு இராத்திரி போனது விடியும்வரை வரவில்லை.

அப்பா அப்போது வீட்டில் இல்லை. அந்த மார்கழி முழுக்க அவருக்கு நைட் ஷிப்ட். கூட வேலை செய்கிறவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். விடியற்காலைப் பூஜைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டதால் அப்பா மாற்றிக்கொண்டார். இராத்திரி பதினோரு மணிக்கு மில்லுக்குள் போனால் காலை ஏழு மணிச் சங்கு ஊதிய பிறகுதான் வருவார்.

அம்மா வழக்கம்போல இருட்டோடு எழுந்து கோலம் போட்டு, பூசணிப்பூ வைத்துவிட்டுப் புறவாசலுக்கு வந்தாள். குளிக்கிற வெந்நீருக்கு அங்கே ஒரு மண் அடுப்பு உண்டு, மேலே செப்புத் தவலை. பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச்செடிக் குச்சிகள்தான் விறகு. நான் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். அம்மா வயிற்றைச் சரித்து உட்கார்ந்து, மாரை ஒரு கட்டாக அடுப்புக்குள் தள்ளினாள். பாதிதான் போனது. மறுபடி தள்ளினாள். எதிலோ இடித்தது. தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள். மாரில் வைக்கப் போனவள் என்னவோ நினைத்து, குச்சியை உதறி அணைத்துவிட்டு, தள்ளுகோலை உள்ளே விட்டு இழுத்தாள்.

சாம்பல் பூசிக்கொண்டு பெரிசு வந்தது. பின்னாலேயே சிறுசும் உருண்டு வந்தது. பெட்டி வாயில் சாத்தியிருந்த பலகையைத் தள்ளிக்கொண்டு, முந்தின நாள் சூடு கொஞ்சம் மிச்சமிருந்த சாம்பலைத் தேடிப் போயிருக்கின்றன. அம்மா அப்படியே தரையில் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. நான் பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டையும் மடியில் எடுத்து, முந்தானையால் சிறுசின் கண்ணைத் துடைத்தாள். அதுவரை அம்மா அவற்றைத் தொட்டதே இல்லை. அன்றைக்கு யாரும் வெந்நீரில் குளிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இருக்கும். எனக்கு விழிப்புத் தட்டியது. சிறுசு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் படுக்க முடியவில்லை. கதவைத் திறந்து புறவாசலுக்குப் போனேன். பல்பு எரிந்துகொண்டிருந்தது. வைக்கோலில் பள்ளம் இருந்தது. ஆமைகள் இல்லை. அடுப்புக்குள் கையை விட்டுத் துழாவினேன், அங்கேயும் இல்லை. நாய் தூக்கிப் போய்விட்டது என்று நினைத்து, அம்மாவை எழுப்பச் சமையலறைக்குள் ஓடினேன். இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி அவள் அந்த மாதம் அங்கேதான் படுத்துக்கொண்டிருந்தாள்.

உமி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, மடித்த சாக்கின் மேல் இரண்டும் இருந்தன. சிறுசு கழுத்தை முழுக்க வெளியே நீட்டி, கால் நாலையும் பரப்பிக்கொண்டு தூங்கியது. மூக்கு காய்ந்திருந்தது. அம்மா விழித்துத்தான் இருந்தாள்.

நிலைப்படியைத் தாண்டலாமா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான். ஆனால் பத்து வயதுக்கு எதையும் கேட்காமல் விடத் தெரியாதே.

அம்மா என்னைப் பக்கத்தில் படுக்க வைத்துப் போர்வையை இழுத்துவிட்டாள். "ஏட்டி, வயித்துக்குள்ள ஒண்ணைக் கதகதன்னு வச்சிக்கிட்டு, வெளிய ரெண்டு குளிர்ல கெடக்கிறதைப் பாத்துக்கிட்டு எப்பிடிப் படுக்க?" என்றாள். பிறகு, "அப்பாட்ட சொல்லிராத. அவுகதான் சொன்ன பேச்சைக் காப்பாத்துறாக, நான் மீறிட்டேன்னு இருக்க வேண்டாம். ஒம் பெரியம்மாட்ட மூச்சு விடாத" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கும் அம்மாவுக்கும் ஒரு வேலை சேர்ந்துகொண்டது. அப்பா மில்லுக்குப் போன பிறகு ஆமைகள் உள்ளே வரும். ஏழு மணிச் சங்குக்கு முன்னால் வெளியே போகும். வைக்கோலில் பள்ளம் செய்து வைப்பது என் பொறுப்பு. அப்பா வந்ததும் முதலில் பெட்டியைத்தான் குனிந்து பார்ப்பார். பல்பு நன்றாக வேலை செய்கிறது என்பார். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டு காப்பி ஆற்றுவாள். அந்த மாதத்தில் ஒருநாள் அப்பா கடுமையான சளியோடு வந்தார். தும்மல் ஓயவில்லை. ஆமைக்கு இருந்தது இவருக்கு ஒட்டிக்கொண்டது என்று அம்மா கேலி செய்துவிட்டு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். பொங்கலுக்குள் சிறுசு கீரைத் தண்டைக் கடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் வாழ்க்கையில் பிற்பாடு எத்தனையோ நல்ல நாட்கள் வந்தன. அப்படியொரு நாள் இன்னொன்று வந்ததாகச் சொல்ல மாட்டேன்.

மாசியில் அம்மா பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். மடவார் வளாகத்தில் பெரியம்மா வீடு. தாயாக வந்து பிரசவம் பார்த்த சாமி இருக்கிற தெருவில் என்ன பயம் என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். வலி கண்ட செய்தி வந்ததும் அப்பாவும் நானும் பஸ் பிடித்துப் போனோம். முந்தின நாள் சாயங்காலமே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மறுநாள் மத்தியானம் ஆகியும் பிள்ளை பிறக்கவில்லை. நர்சு வெளியே வந்து போகும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

வராந்தா பெஞ்சில் பெரியம்மா எங்கள் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தி, "தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. அந்த ஆமை வீட்டுக்குள்ள வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி. நிலையைத் தாண்டவே இல்ல" என்றார் அப்பா. கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கையை நீட்டிச் சத்தியமும் செய்தார்.

அப்பாவுக்குத் தெரியாது, பாவம், பொய்ச் சத்தியம் செய்கிறார் என்று நினைத்தேன். உண்மை தெரிந்தது எனக்கும் உள்ளே படுத்திருக்கிற அம்மாவுக்கும் மட்டும்தான். வைக்கோலில் பள்ளம் செய்தது இந்தக் கைதான். அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான்தான் காரணம். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டால் பரிகாரம் ஏதாவது செய்வாளோ? சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுத்ததாகுமே. இப்படியும் அப்படியுமாக இரண்டு மணி நேரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வளர்ந்தவர்கள் தங்கள் பயத்தைப் பிள்ளைகளின் காதுபடப் பேசிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். நாமும் நம் பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்தோம், இல்லையா?

நாலு மணிக்கு உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. தம்பி. தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்றார்கள். என்னைத்தான் முதலில் உள்ளே விட்டார்கள். அம்மாவின் உதடு வெடித்திருந்தது. நான் குனிந்ததும், தம்பியைக் காட்டுவாள் என்று பார்த்தால், "அதுகளுக்குக் கீரை போட்டுட்டு வந்தியாட்டி?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். தம்பி பிறந்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நர்சு நினைத்துக்கொண்டாள்.

ஆமைகள் எங்களோடு பங்குனி வரைதான் இருந்தன. பெரியம்மா வீட்டுக்குத் தெரிந்த செண்பகத்தோப்புக் காட்டிலாகா வாட்சர் ஒருவர் தம்பியைப் பார்க்க வந்தார். பெட்டியைப் பார்த்ததும் அப்பாவைத் தனியாக அழைத்துப் போனார். இந்த ஆமைகளை வீட்டில் வைப்பதே குற்றம் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அது தெரியாது. தீயிலிருந்து எடுத்தது சரி, வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் தப்பு என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவற்றுக்கு வேண்டிய வெதுவெதுப்பு முள்ளுக்கடியில், மண்ணுக்குள் எப்போதும் இருந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதே ஒயர் கூடையில் வைத்துக் கொண்டுபோய், வாட்சர் காட்டிய இடத்தில் விட்டோம். காய்ந்த புல். நல்ல வெயில். கடைசியாக ஒரு செம்பருத்தியை வைத்தேன். பெரிசு அதை மிதித்துக்கொண்டு போனது. சிறுசு நின்று தின்றுவிட்டுப் போனது. ஒயர் கூடை அதற்குப் பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் மற்றவரைக் கை காட்டுகிறார்கள்.

தம்பி பட்டாளத்தில் சேர்ந்து, எங்கெங்கோ பனியில் எல்லாம் நின்றுவிட்டு வந்துவிட்டான். அவனுக்கு மட்டும் சளியே பிடிப்பதில்லை. வயிற்றில் இருக்கும்போதே ஆமைகளோடு அடுப்போரம் படுத்தவன் என்று நான் சொல்லிச் சிரித்தது போன மார்கழியில்தான். அம்மாவும் அப்பாவும் கூடத்தில் இருந்தார்கள். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் காதுக்குப் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தவள், ஏதோ ஞாபகத்தில் வாய் விட்டுவிட்டேன். சட்டென்று அம்மாவைப் பார்த்தேன். நாற்பது வருடமாகக் காத்த விஷயம்.

அப்பா பஞ்சுக்காகக் காதை என் பக்கம் திருப்பினார். "எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த மார்கழியில் ஒருநாள் மில்லில் மெயின் மோட்டார் புகைந்துவிட்டது. வேலை இல்லை என்று மூன்று மணிக்கே அனுப்பிவிட்டார்கள். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்து வழியாக வந்திருக்கிறார். பெட்டி காலி. ஒயர் போகிற ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தால், உமி அடுப்போரம் அம்மா, நான், இரண்டு ஆமைகள், எல்லோரும் தூக்கம். சைக்கிளைச் சத்தமில்லாமல் திருப்பிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். மில்லில் ஏழு மணிச் சங்கு ஊதும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். ஸ்வெட்டர்கூட இல்லை.

எனக்கு அந்தத் தும்மலும் மிளகு ரசமும் ஞாபகம் வந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் சத்தியத்துக்கு நீட்டிய கையும்.

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். "கதவைத் தட்டுனா நான் திறந்துருப்பேன்ல? அம்புட்டு நேரமும் பனியிலயா இருந்தீக?" என்றாள்.

"தட்டுனா, நீ பதறிப்போயி அதுகளை வெளிய கொண்டுபோயி வச்சிருப்பியே" என்றார் அப்பா.

அம்மா எழுந்து உள்ளே போனாள். தன்னுடைய கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து, அப்பா ஏற்கெனவே போர்த்தியிருந்ததற்கு மேல் இதையும் போட்டு, கழுத்து வரை இழுத்துவிட்டாள். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.